பாம்பன் பாலத்துல "பத்து நிமிசம் நில்லுங்க"ன்னு சொன்னவருக்கு

ஈரோட்டு மஞ்சள்:
நம்ம கோவை ரோட்டோரம் நேத்துப் போட்ட "கடலோரமா கார்ல போனா எறங்கியே ஆக வேண்டிய எடங்கள்" படிச்சேனுங்க. மகாபலிபுரம், தரங்கம்பாடி, மனோரா எல்லாஞ் சரி. கடைசில என்ன எழுதியிருக்காரு? "பாம்பன் பாலத்து நடுவுல வண்டிய ஓரங்கட்டி பத்து நிமிசம் நின்னு கடலப் பாருங்க." ஏனுங்க, அங்க ஓரம் எங்கீங்க இருக்குது? போக ஒண்ணு, வர ஒண்ணு, அவ்வளவுதான் ரோடு. அது வண்டி நிக்கற எடமில்லீங்க.

கோவை ரோட்டோரம்:
வாங்ண்ணா, உங்களத்தான் இன்னும் காணமேன்னு பாத்தேன். அங்க நிக்காமப் போனவன் ஒருத்தனக் காட்டுங்க. 1988-ல இந்த ரோட்டுப் பாலம் தொறக்கற வரைக்கும் ராமேஸ்வரம் தீவுக்கு ரயில வுட்டா வேற பாலமே கெடையாது. மேல நின்னு குனிஞ்சா கீழ ரயில் பாலம், ரெண்டு பக்கமும் கடலு. இத ஓடற கார்ல இருந்து பாக்கறதுக்கு ஊட்லயே போன்ல பாத்துக்கலாம்.

ஈரோட்டு மஞ்சள்:
எல்லாரும் நிக்கறாங்கன்னா சரியாயிருமா? போன கோடை லீவுல நானே பாத்தனுங்க. கோயமுத்தூர் நம்பர் வேன் ஒண்ணு, நடுப்பாலத்துல. கதவத் தொறந்து போட்டு ஒரு அம்மா எலுமிச்ச சோத்துப் பொட்டலத்த ரோட்டுப் பக்கமா நீட்டுது. எதுக்கால வந்த பஸ்ஸு பொட்டலத்த வழிச்சுக்கிட்டுப் போயிருச்சு. கை தப்பிச்சது சாமி புண்ணியம். பின்னால நின்ன ஆம்புலன்ஸ்காரன் ஆரன வுட்டுக் கையெடுக்கவே இல்ல. உங்க வேனா அது?

பொள்ளாச்சி இளநி:
சித்த இருங்க. பாம்பன் ஈசிஆர்லயே வராதுங்களே? ராமநாதபுரத்துல பிரிஞ்சுதான போகோணும்? "கடலோர ரோடு"ன்னு எதச் சொல்றீங்கன்னு மொதல்ல பேசி முடிங்க. என்னையக் கேட்டா, நமக்குக் கிட்டத்துக் கடல் பாலக்காடு தாண்டிப் பொன்னானிதான். காத்தால கெளம்புனா ரவைக்கு ஊடு.

கரூர் அம்மணி:
பொன்னானியாமா! கோடியக்கரையில மழைக்காலம் முடிஞ்சா பூநாரை கூட்டங்கூட்டமா நிக்கும். அது பட்டியல்ல இல்ல, கேக்க நாதியில்ல. மனோராவயும் "பழைய கோட்டை"ன்னு ஒரே வரியில முடிச்சுட்டாரு. நெப்போலியன் தோத்ததுக்கு சரபோஜி மன்னர் கட்டுன கோபுரமுங்க அது. இவரு எறங்கிப் பாத்தாரான்னே சந்தேகம்.

கோவை ரோட்டோரம்:
அக்கா, மனோராவுல உங்களப் படம் புடிச்சதே நாந்தான்.

ஈரோட்டு மஞ்சள்:
பேச்ச மாத்தாதீங்க. பாலத்துல நிக்கலாமா, கூடாதா? கடலப் பாக்கோணும்னா பாலந் தாண்டிப் பாம்பன்ல வலது பக்கம் திரும்புங்க, குந்துகால். 1897-ல விவேகானந்தர் வந்து எறங்குன எடம், மண்டபமே இருக்குது. பத்தலைன்னா தீவு முடியற அரிச்சல்முனை வரைக்கும் போங்க. 1964 புயல்ல போன தனுஷ்கோடியயும் பாத்துக்கலாம், ரெண்டு பக்கமும் கடலு. இத்தன எடம் இருக்கறப்ப நடுப்பாலத்துலதான் நிப்பேன்னு ஒத்தக்கால்ல நிக்கறாரு. அது நிக்கற எடமில்லீங்க.

கோவை ரோட்டோரம்:
குந்துகால்ல நின்னா பாலத்து மேல நின்னாப்பல இருக்குமா? ஈரோட்டுக்காரங்களுக்கு வாய்க்காத் தண்ணியே போதும், கடலோட அருமை எங்க தெரியும்.

ஈரோட்டு மஞ்சள்:
வாய்க்காத் தண்ணியா? காளிங்கராயன் வாய்க்கா வெட்டி எழுநூறு வருசத்துக்கு மேலாச்சு தம்பி. உங்க நொய்யல்ல தண்ணி ஓடுதா, நொரை ஓடுதான்னு பாத்துட்டு வாங்க. வந்து, பாலத்துல நிக்கலாமான்னு சொல்லுங்க. மூணாந்தடவ கேக்கறேன்.

பொள்ளாச்சி இளநி:
நான் கேட்டதுக்கு ஒருத்தரும் பதில் சொல்லல.

கரூர் அம்மணி:
இவருகிட்ட பதிலா? மனோரா போயிட்டு வந்த டீசல் காசுல என்ற பங்குக்கு மேல நான் போட்டது இன்னும் திரும்பல. இதுல ஊருக்கெல்லாம் வழி சொல்றாரு.

கோவை ரோட்டோரம்:
அக்கா, ஏசியக் குறைக்கக் கூடாதுன்னு பட்டுக்கோட்டை வரைக்கும் அடம் புடிச்சது யாருங்க? அந்தக் கணக்கயும் இங்கயே போட்டுருவோமா?

கரூர் அம்மணி:
போடுங்க. பில்லு என்றகிட்ட இருக்குது.