பழைய ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயைக் கழற்றிவிட்டு சிபிவிசி (வெந்நீர் தாங்கும் பிளாஸ்டிக்) போடலாமா?

செந்தில்_திருச்சி:
வீடு 1990-களில் கட்டியது. போர் தண்ணீர், மொட்டைமாடியில் டேங்க், சோலார் ஹீட்டர். ஜிஐ லைன் முழுக்க அடைத்துக்கொண்டது. காலையில் முதல் சொம்புத் தண்ணீர் பழுப்பாக வருகிறது. பிளம்பர் எல்லாவற்றையும் சிபிவிசியாக மாற்றச் சொல்கிறார். "பிளாஸ்டிக்கில் வர்ற தண்ணிய நான் குடிக்க மாட்டேன்" என்கிறார் அப்பா. திரும்பவும் ஜிஐயே போடலாமா?

பழையசோறு:
அப்பா சொல்வதில் நியாயம் இருக்கிறது. நம் நாட்டில் பிவிசி குழாயில் காலகாலமாக ஈயச் சேர்மம் கலந்து வந்தார்கள். அதை நிறுத்த மத்திய அரசு தனி விதி கொண்டுவந்ததே 2021-ல்தான். துரு கண்ணுக்குத் தெரியும், வடிகட்டிவிடலாம். ஈயம் தெரியாது, குழந்தைகளின் மூளையைத்தான் போய்த் தாக்கும். போதாததற்கு வெயில் வேறு. மாடியில் கிடக்கும் பிளாஸ்டிக் குழாயை நாலு கோடை கழித்துத் தட்டிப் பாருங்கள், அப்பளம்தான்.

பைப்_பாண்டி:
அண்ணே, அவர் கேட்பது சிபிவிசி, நீங்கள் திட்டுவது பிவிசி. சிபிவிசியில் பெரும்பாலும் கலப்பது வெள்ளீயச் (டின்) சேர்மம், ஈயம் அல்ல.

செந்தில், கழற்றிய ஜிஐ துண்டு ஒன்றை அறுத்துப் பாருங்கள். அரை இஞ்ச் குழாயில் பென்சில் நுழையும் அளவுக்குத்தான் துளை மிஞ்சியிருக்கும். சுற்றிலும் கட்டி கட்டியாகத் துரு, அதோடு சுண்ணாம்பு. ஓட்டை முதலில் விழுவதும் மரை போட்ட இடத்தில்தான். மரை வெட்டும்போதே அங்கே துத்தநாகப் பூச்சு போய்விடுகிறதே! அதில் பித்தளை வால்வை மாட்டினால் அரிப்பு இன்னும் வேகம்.

ஈயம் என்று பயமுறுத்துகிறீர்கள். அந்தக் காலத்துத் துத்தநாகப் பூச்சிலேயே ஈயம் கலந்திருப்பது உண்டு. மரையில் சணலைச் சுற்றி ஒயிட் லெட் என்ற ஈயப் பசையைத் தடவினார்களே, அது என்னவாம்?

பழையசோறு:
ஒயிட் லெட் தடவியது பிளம்பர், குழாய் அல்ல. இப்போதுதான் டெஃப்லான் டேப் இருக்கிறதே. சரி, சோலாருக்கு வாருங்கள். சிபிவிசி தாங்குவது 93 டிகிரி வரை. யாரும் வெந்நீர் எடுக்காத மே மாதத்தில் ஹீட்டர் தண்ணீர் கொதிக்கிற அளவுக்குப் போகும். அப்போது?

தண்ணிடெஸ்ட்:
குழாயையே பேசுகிறீர்கள், உள்ளே ஓடப்போகிற தண்ணீரை யாரும் கேட்கவில்லை. அமெரிக்காவில் ஃபிளின்ட் நகரில் 2014-ல் செலவைக் குறைக்க ஆற்றுத் தண்ணீருக்கு மாறினார்கள். அரிப்பைத் தடுக்கும் பாஸ்பேட் சேர்க்கவில்லை. பல பத்தாண்டுகளாக மண்ணுக்குள் கிடந்த அதே ஈயக் குழாய்களிலிருந்து ஈயம் கரைந்து வீட்டுக்குள் வந்தது. குழாய் மாறவில்லை, தண்ணீர்தான் மாறியது.

செந்தில், குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் போர் தண்ணீரைக் கொடுங்கள். பிஎச் 6.5-க்குக் கீழே வந்தால், அதாவது தண்ணீர் புளிப்பாக இருந்தால், ஜிஐயை மறந்துவிடலாம். கடினத்தன்மை லிட்டருக்கு 600 மில்லிகிராமைத் தாண்டினால் இந்தியத் தரத்தின்படி அது குடிநீரே இல்லை, எந்தக் குழாயில் வந்தாலும்.

பைப்_பாண்டி:
சோலார் விஷயத்தில் அண்ணன் சொல்வதை ஒத்துக்கொள்கிறேன். ஹீட்டரிலிருந்து இறங்கும் முதல் சில அடிக்கு உலோகக் குழாய் போட்டு, அப்புறம் சிபிவிசிக்கு மாறலாம். அதற்காகச் சமையலறை வரைக்கும் இரும்பா?

குழாயில் ஐஎஸ் 15778 (சிபிவிசிக்கான இந்தியத் தர எண்) என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வெயில் படும் இடத்தில் தண்ணீர் கலந்து அடிக்கிற வெள்ளை பெயிண்ட் இரண்டு கோட் போதும். ஆயில் பெயிண்ட் கூடாது. ஒட்டிய கையோடு மோட்டாரைப் போட விடாதீர்கள், பசை காய வேண்டும். குடிக்கும் முன் லைனை நன்றாக ஓடவிட்டுக் கழுவுங்கள்.

பழையசோறு:
பெயிண்ட் வெளுத்ததும் மறுபடி யார் மாடி ஏறி அடிப்பது? அவருடைய அப்பாவா?

செந்தில்_திருச்சி:
திங்கட்கிழமை தண்ணீரைக் கொடுத்துவிடுகிறேன். ஹீட்டர் பக்கம் செம்புக் குழாய் போடலாமா? செம்பு என்றால் அப்பா மறுபேச்சில்லாமல் குடிப்பார்.

தண்ணிடெஸ்ட்:
புளிப்பான தண்ணீரில் செம்பும் கரையும். பிஎச் வரட்டும், அப்புறம் செம்பு வாங்கலாம்.