எல்லை எங்கே போனது? பிரெக்ஸிட்டும் வட அயர்லாந்தும்: நம்மவர் அனுபவங்கள்

டெரியிலிருந்து:

2017இல் லண்டனை விட்டு, பிரிட்டனின் பகுதியான வட அயர்லாந்தில் இந்த ஊருக்குக் குடிவந்தோம். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகும் பிரெக்ஸிட் பேச்சு நடந்துகொண்டிருந்த நேரம். இருவருக்கும் பிரிட்டிஷ் பாஸ்போர்ட். முதல் ஞாயிற்றுக்கிழமை, ஐரோப்பிய ஒன்றியத்திலேயே தொடரும் அயர்லாந்துக் குடியரசின் டொனகல் கடற்கரைக்குக் காரில் கிளம்பினோம். எல்லையில் கேட்பார்களே என்று மனைவி பாஸ்போர்ட்டுகளை மடியிலேயே வைத்திருந்தாள். வேகப் பலகை மைலிலிருந்து கிலோமீட்டருக்கு மாறியது, சாலையோரக் கோடு மஞ்சளானது, நாடு மாறிவிட்டது. அவ்வளவுதான்!

அதே சாலையில்தான் அப்போது 'எல்லைச் சாவடி வேண்டாம்' என்று பலகைகள் நின்றன. பக்கத்து வீட்டுப் பெரியவர் பழைய கதை சொல்வார். 1993க்கு முன் சுங்கச் சாவடி, கூடவே ராணுவச் சோதனை. மாட்டுக்குத் தீவனம் வாங்கப் போனாலும் வண்டியை நிறுத்திப் பார்ப்பார்களாம். "மறுபடி ஒரு கேமராவைக் கம்பத்தில் மாட்டட்டும், மறுநாள் கம்பமே இருக்காது" என்பார், சிரிக்காமல்.

சிக்கல் இதுதான். ஏறக்குறைய 500 கி.மீ. எல்லை, 200க்கும் மேற்பட்ட சாலைகள். லண்டன் அரசு, ஒன்றிய நாடுகள் தமக்குள் சுங்கம் வசூலிக்காத சுங்க ஒன்றியத்தை விட்டு வெளியேறியே தீருவேன் என்றது. தன் சந்தைக்குள் வரும் சரக்கை எங்காவது சோதித்தே ஆகவேண்டும் என்றது பிரஸ்ஸல்ஸ், அதாவது ஐரோப்பிய ஒன்றியம். வட அயர்லாந்தின் பல ஆண்டு வன்முறையை முடித்துவைத்த 1998 அமைதி ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்தச் சாலைகளில் சாவடி போட யாருக்கும் துணிவில்லை. அப்போதைய பிரிட்டிஷ் பிரதமர் தெரசா மே கொண்டுவந்த விலகல் ஒப்பந்தம் 2019 ஜனவரி 15 அன்று நாடாளுமன்றத்தில் 432க்கு 202 என்று தோற்றதை டிவியில் பார்த்தோம். அக்டோபரில், அவருக்குப் பின் பிரதமரான ஜான்சனும் அப்போதைய அயர்லாந்துப் பிரதமர் வரத்கரும் சந்தித்துப் பேசினார்கள். அப்புறம் சோதனைக் கோடு கடலுக்கு நகர்ந்தது, அதாவது பிரிட்டனின் மற்றப் பகுதியிலிருந்து வட அயர்லாந்துக்குக் கடல் வழியே வரும் சரக்கைச் சோதிப்பது என்றானது, எங்கள் சாலை தப்பியது.

பெல்ஃபாஸ்டிலிருந்து:

உங்கள் சாலை தப்பியது சரி, மாட்டியது என் கடை. சரக்கெல்லாம் லண்டன் மொத்தக் கடையிலிருந்து ஸ்காட்லாந்து வழியாகக் கப்பலேறி வரும். 2021 ஜனவரி வரை ஒரு போன் அடித்தால் போதும். அதற்குப் பிறகு புளி, அப்பளம், ஊறுகாய் என்று ஒவ்வொன்றுக்கும் சுங்கக் குறியீடு எழுதவேண்டும். ஒரே நாட்டுக்குள் போகிற சரக்குக்கு! படிவம் கேட்டால் குப்பையில் போடுங்கள் என்று 2019இல் ஜான்சன் சொன்னதை நம்பியவர்களில் நானும் ஒருவன்.

பெரிய சூப்பர் மார்க்கெட்டுக்கு முழு லாரியும் அதன் சரக்கே. எங்களுக்கு அப்படியில்லை, ஒரே லாரியில் பத்துக் கடைச் சரக்கு வரும். எவனோ ஒருவன் தாளில் பிழை என்றால் பத்துப் பேரும் காத்திருக்கவேண்டும். ஒருமுறை என் நெய் டின்கள் ஆறு நாள் துறைமுகத்தில் கிடந்தன. பிழை என் தாளில் இல்லை. பொங்கலுக்குக் கேட்டவர்களுக்கு என்ன பதில் சொல்வது?

2023இல் அப்போதைய பிரதமர் சுனக் ஐரோப்பிய ஒன்றியத்தோடு செய்த விண்ட்சர் ஏற்பாட்டுக்குப் பிறகு, வட அயர்லாந்திலேயே விற்கும் சரக்குக்குப் பச்சை வழி, அயர்லாந்துக் குடியரசுக்குப் போகக்கூடிய சரக்குக்குச் சிவப்பு வழி என்று பிரித்தார்கள். கொஞ்சம் மூச்சு விட முடிகிறது. பால் பாக்கெட்டில் 'ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அல்ல' என்று அச்சடித்திருப்பதைப் பார்த்து, கெட்டுப்போன பாலா என்று ஒரு பாட்டி கேட்டார்.

லிஸ்பர்னிலிருந்து:

கறிவேப்பிலைச் செடி ஆர்டர் செய்தேன். இங்கிலாந்து நர்சரிக்காரர் பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார். வேரில் மண் இருக்கிறதாம், சான்றிதழ் இல்லாமல் கடல் தாண்டக் கூடாதாம். கடைசியில் நெதர்லாந்திலிருந்து வந்தது. இப்போது இடுப்பளவு வளர்ந்துவிட்டது.

நியூரியிலிருந்து:

இது பிரெக்ஸிட்டால் வந்ததில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். சாவடி இல்லை என்பதால் சட்டமும் இல்லை என்று நினைக்காதீர்கள். பெல்ஃபாஸ்டில் படிக்கும் தம்பி ஒருவர், இந்தியப் பாஸ்போர்ட், பிரிட்டிஷ் மாணவர் விசாவோடு டப்ளின் பேருந்தில் ஏறினார். எல்லை தாண்டியதும் ஐரிஷ் போலீஸ் பேருந்தை நிறுத்தி ஏறியது. "எல்லையே வரவில்லையே சார்" என்றாராம். திருப்பி அனுப்பிவிட்டார்கள். தடையில்லாப் பயணம் பிரிட்டிஷ், ஐரிஷ் குடிமக்களுக்குத்தான். டிக்கெட் எடுக்கும் முன் ஐரிஷ் விசா வேண்டுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.