புதுப்பிப்பு: டிராக்டர் கிராங்க் ஷாஃப்ட்டை மாற்றவில்லை, கிரைண்டிங்தான்

மூன்றாவது கனெக்டிங் ராடு (பிஸ்டனை கிராங்க் ஷாஃப்ட் என்ற சுழல் தண்டோடு இணைக்கும் கம்பி) பேரிங் உருகிப் பிடித்து கிராங்கைக் கீறிவிட்டது, புதிது வாங்கவா என்று போன வாரம் கேட்டிருந்தேன். முதலில் கிராக் இருக்கிறதா பாருங்கள் என்றீர்கள், அதுதான் சரி. கிராக் இருந்தால் அங்கே சேர்ந்து காட்டிக்கொடுக்கும் காந்தத் துகள் போட்டுப் பார்த்தார்கள், கிராக் இல்லை. இருந்திருந்தால் யோசிக்காமல் புதிதே வாங்கியிருப்பேன். அந்த மூன்றாவது ராடு மாட்டும் பின்னில் (கிராங்கின் உருளைப் பகுதி) நகத்தை வைத்து இழுத்தால் கீறல் தட்டும், கிரைண்டிங்கில் சாணை பிடித்து 0.25 மி.மீ. எடுத்தும் கீறல் போகவில்லை, அப்புறம் நான்கு ராடு பின்களையும் 0.50 மி.மீ. குறைவுக்கு இறக்கினோம், கண்ணாடி மாதிரி வந்துவிட்டது. பின்னின் ஓரத்து வளைவைக் கூர்மையாக்கிவிடாதீர்கள் என்று பக்கத்திலேயே நின்றேன், பிற்பாடு உடைவது அங்கேதான். ஆயில் துளைக்குள் பிரஷ் விட்டால் பழைய பேரிங்கின் துகள் இன்னும் வருகிறது. நாளைக்கும் கழுவிவிட்டுத்தான் 0.50 அண்டர்சைஸ் பேரிங் (சிறிதான பின்னுக்கு ஏற்றது) மாட்டப்போகிறோம்.