நுவரெலியாக் குளிரில் லைட்டர் பத்த மாட்டேங்குது – எதை வாங்கலாம்?

பங்களாக்காரன் (நுவரெலியா):
வணக்கம். பழைய பங்களா ஒன்ன கெஸ்ட் ஹவுஸா நடத்துறேன். ஹால்ல பயர்பிளேஸ், தோட்டத்துல ஒரு காஸ் கிரில், ஒரு கரி கிரில். நீட்டுக் கழுத்து லைட்டர் நாலு வாங்கியாச்சு. எல்லாமே சின்னதா நீல ஜெட் நெருப்பு வர்ற வகை. கொழும்புக் கடையில முதல் அமுக்குலயே பத்துது. இங்க விடிய அஞ்சரைக்கு அமுக்குனா டிக் டிக்னு சத்தம் மட்டும்தான். வெயில் ஏறின பிறகு அதே லைட்டர் ஒழுங்கா பத்துது! நேத்து ராவு வந்தவங்க சால்வையைப் போத்திக்கிட்டுப் பாத்துக்கிட்டு நிக்க, நான் முட்டி போட்டு இருபது தரம் அமுக்குனேன். வெக்கமாப் போச்சு.

கொட்டகலை தம்பி:
அண்ணே, லைட்ட அணைச்சிட்டு இருட்டுல அமுக்கிப் பாருங்க. நுனியில பொறி தெரியுதா?

பங்களாக்காரன்:
பொறி தெரியுது தம்பி. காஸ் வர்ற 'ஸ்ஸ்' சத்தம்தான் ரொம்பச் சன்னமா இருக்கு.

கொட்டகலை தம்பி:
அப்ப பொறியில பிழை இல்ல, காஸுக்குக் குளிருது. உள்ளுக்கு இருக்குறது பியூட்டேன். அது கொதிக்கிறதே மைனஸ் 0.5 பாகை செல்சியஸ்ல. கொழும்பு 30 பாகைச் சூட்டுல உள்ளுக்கு நல்ல அமுக்கம் இருக்கும், காஸ் சீறிக்கிட்டு வரும். உங்க ஊர்ல புல்லு மேல உறைபனி விழுற நேரம் அந்த அமுக்கம் இறங்கிப் போகும். ராவு கம்பளிக்குள்ளயோ, காலையில சட்டைப் பையிலயோ கொஞ்ச நேரம் வச்சிட்டு அமுக்குங்க. அதுக்காக பயர்பிளேஸ் மேல்தட்டுல வச்சிராதீங்க, சூடு மிஞ்சினா வெடிக்கும்.

ஹட்டன் வாசி:
இதுக்கெல்லாம் என்ன ஆராய்ச்சி. விறகு மேல மண்ணெண்ணெய ஊத்தி ஒரு நெருப்புக்குச்சியப் போட்டா முடிஞ்சுது.

பண்டாரவளை அக்கா:
ஐயோ, அத மட்டும் செய்யாதீங்க. சாம்பலுக்கு அடியில முதல் நாள் தணல் கெடந்தா, ஊத்தின எண்ணெய் ஆவியாகி ஒரேயடியா முகத்துக்கு வரும். கிரில்ல ஊத்தினா கோழி முழுக்க மண்ணெண்ணெய் வாசம்.

தம்பி சொன்னது சரி, ஆனா இன்னொண்ணும் இருக்கு. நுவரெலியா 1,868 மீட்டர் உயரம், காத்து மெலிசு. ஜெட் லைட்டர் காஸையும் காத்தையும் ஒரு அளவுக்குக் கலந்துதான் பத்தும், உயரத்துல அந்த அளவு தப்பிப் போகும். அதனால மஞ்சள் நெருப்பு வர்ற சாதா வகையில நீட்டுக் கழுத்தா எடுங்க. சக்கரத்தை உருட்டுற தீக்கல் லைட்டர் ஒண்ணு கையோட இருக்கட்டும், அதோட பொறி கொஞ்சம் தாராளம். காஸ் திரும்ப நிரப்பக்கூடியதா வாங்கினா, அடைக்க முன்னால பழைய காத்தை வால்வை அமுக்கி வெளியேத்திட்டு, லைட்டரைத் தலைகீழாப் பிடிச்சு அடைங்க. அடைச்ச உடனே பத்த வைக்கக் கூடாது.

சார்ஜ் பண்ணுற மின்பொறி லைட்டர் காஸ் கிரில்லுக்கு நல்லம், காத்து அடிச்சாலும் அணையாது. ஆனா அதோட வாய் ரொம்பச் சின்னது. கடதாசி ஓரம், திரி மாதிரி மெலிசானதத்தான் பிடிக்கும்.

லயத்து ஆத்தா:
எல்லாரும் லைட்டரையே ஏசுறீங்க. விறகு எப்பிடி இருக்குன்னு யாராச்சும் கேட்டீங்களா? மழையில நனைஞ்ச சவுக்குக் கட்டைக்கு நேரா லைட்டர நீட்டினா எதுவும் பத்தாது. எங்க வீட்டுல கவ்வாத்து மிலாற, அதான் தேயிலைச் செடியில வெட்டி விழுற குச்சிகள, குசினி அடுப்புக்கு மேல பரண்ல காய வச்சிருப்போம். விரல் மொத்தத்துல ஒரு பிடி, அதுக்குக் கீழ கசக்கின கடதாசி. முறிச்சா 'டக்'னு சத்தம் வரணும், வளைஞ்சா இன்னும் காயல. ஒரு நெருப்புக்குச்சியே போதும், லைட்டர் எதுக்கு! சாமிக்கு வச்ச கற்பூரத்துல ஒரு துண்டு கடதாசிக்கு இடையில வச்சாலும் பிடிக்கும். பயர்பிளேஸுக்கு மட்டும்பா, கறி சுடுற கரியில போடாத.

பங்களாக்காரன்:
அக்கா, ஆத்தா, தம்பி, மூணு பேருக்கும் நன்றி. பழைய ஜெட் லைட்டர சட்டைக்குள்ள பத்து நிமிசம் வச்சிட்டுப் பாத்தேன், அஞ்சு அமுக்குல ரெண்டு தரம் பத்துச்சு. டவுன்ல மஞ்சள் நெருப்பு ஒண்ணு வாங்கினேன், முதல் அமுக்கு. மிலாறு தோட்டத்து ஆளுக கொண்டாந்து தந்தாங்க, நேத்து ராவு ரெண்டு செக்கன்ல பிடிச்சிச்சு. காஸ் கிரில் மட்டும் இன்னும் பயமா இருக்கு. நேத்து காஸத் தொறந்துட்டு லைட்டரத் தேடுனேன், 'புஸ்'னு ஒண்ணு வந்து புருவம் கருகிப் போச்சு.

பண்டாரவளை அக்கா:
மூடியத் தொறந்து வச்சு, நெருப்ப முதல்ல காட்டிட்டு அப்புறம் காஸத் தொறங்க. பத்தலன்னா காஸ மூடிட்டு, மூடி தொறந்தபடியே அஞ்சு நிமிசம் விட்டுட்டு வாங்க. புருவத்துக்குக் கற்றாழை பூசுங்க.