சின்ன வக்கீல் ஆபீஸுக்கு வாடகை அறை இன்னும் தேவையா?

சேலம்_செக்கேஸ்:
ஒரு ஜூனியர், பாதி நேரம் வரும் ஒரு குமாஸ்தா, அவ்வளவுதான் என் ஆபீஸ். செக் கேஸ் (பேங்கில் பணமாகாமல் திரும்பிய செக் வழக்கு), பாகப்பிரிவினை, கொஞ்சம் விபத்து வழக்கு. கோர்ட்டுக்கு எதிரே இருக்கும் அறையின் ஒப்பந்தம் முடிகிறது, வாடகையைக் கூட்டிக் கேட்கிறார்கள். விட்டுவிட்டு வீட்டு முன்னறைக்கு மாறலாம் என்பது என் முடிவு. மனு இ-ஃபைலிங்கில் போகிறது, வாய்தா தேதி, வழக்கின் அடையாள எண்ணான சிஎன்ஆர் நம்பர் போட்டால் கோர்ட்டுகளின் ஈகோர்ட்ஸ் ஆப்பில் தெரிகிறது, சொத்தின் வில்லங்கச் சான்று பதிவுத்துறை தளத்தில் கிடைக்கிறது, பட்டாவும் அப்படியே. சென்னை ஹைகோர்ட்டில் சின்ன வேலை என்றால் காணொளியில் ஆஜராக வழி இருக்கிறது, இரவு ரயில் ஏற வேண்டியதில்லை. பிறகு எதற்கு வாடகை?

பொருநைக்கரை:
தம்பி, நீங்கள் சொன்னதெல்லாம் வக்கீலுக்கு வசதி, கட்சிக்காரருக்கு என்ன? பாகப்பிரிவினை என்று வருகிறவர் தனியாக வரமாட்டார், அக்கா, மச்சான், ஊர்ப் பெரியவர் என்று நாலு பேர் பத்திரங்களை மஞ்சள் பையில் கட்டிக்கொண்டு வருவார்கள். வாட்ஸப்பில் போட்டோ அனுப்பச் சொன்னால் முன்பக்கத்தை மட்டும் எடுத்து அனுப்புவார்கள், பதிவு விவரமும் சப்-ரிஜிஸ்ட்ரார் கையெழுத்தும் பின்பக்கத்தில் இருக்கும். சொத்தின் பழைய மூலப் பத்திரமான தாய்ப்பத்திரத்தைக் கையில் வாங்கிப் புரட்டினால்தான் நான்கு எல்லை எந்த விற்பனையில் மாறியது என்று பிடிபடும். உங்கள் வீட்டு முன்னறையில் அவர்கள் சண்டை போட்டுக்கொள்ளும்போது பிள்ளைகள் உள்ளே படித்துக்கொண்டிருப்பார்களா?

எழும்பூர்_ஜூனியர்:
ஐயா, கட்சிக்காரர் விஷயத்தில் உடன்படுகிறேன். ஆனால் அறை வேண்டும் என்று பேசுகிற எல்லோரும் ஜூனியரை மறந்துவிடுகிறார்கள். மாலை ஆறுக்கு ஆபீஸ் தொடங்கி இரவு பத்து வரை உட்கார வேண்டும் என்ற பழக்கத்தாலேயே எத்தனை பெண்கள் பிராக்டீஸை விட்டுப் போகிறார்கள் தெரியுமா? டிராஃப்ட் எழுத நான் உங்கள் எதிரில் உட்கார வேண்டியதில்லை. ஜூனியர்களுக்கு நகரத்தில் மாதம் 20,000, கிராமப்புறத்தில் 15,000 ரூபாயாவது கொடுங்கள் என்று இந்திய பார் கவுன்சில் 2024 அக்டோபரில் சுற்றறிக்கையே விட்டது. அது பரிந்துரைதான், சரி. வாடகையில் மிச்சமாவதை அதற்குக் கொடுக்கலாமே.

பொருநைக்கரை:
மேடம், சம்பளத்தில் எனக்கு மறுப்பே இல்லை, கொடுக்க வேண்டும். ஆனால் தொழில் காதில் விழுந்துதான் வருகிறது. கட்சிக்காரர் சொல்லாமல் மறைப்பதை சீனியர் எந்தக் கேள்வியில் வெளியே எடுக்கிறார் என்பதை டிராஃப்ட் காட்டாது.

எழும்பூர்_ஜூனியர்:
அந்தச் சந்திப்புக்கு மட்டும் கூப்பிடுங்கள், வருகிறேன். மற்ற நாட்களில் நான் எழுதியதில் ஏன் இந்த வரியை அடித்தீர்கள் என்று ஓரத்தில் குறித்து அனுப்புங்கள். பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஒன்றுமே சொல்லாத சீனியரைவிட அதில் நான் அதிகம் கற்றிருக்கிறேன்.

டைரி_முக்கியம்:
எல்லோரும் இடத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். சின்ன ஆபீஸ் விழுவது தேதியில். செக் கேஸ் நடத்துகிறவருக்கு நான் சொல்லத் தேவையில்லை: பேங்க் திருப்பிய தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ், அது கிடைத்தபின் 15 நாள் அவகாசம், அப்புறம் ஒரு மாதத்துக்குள் புகார். புகார் தாமதமானால் காரணம் சொல்லி மன்னிக்கக் கேட்கலாம். நோட்டீஸ் தேதி தவறினால், செக் செல்லுபடியாகும் மூன்று மாதம் முடியும் முன் மறுபடி பேங்கில் போட முடிந்தால்தான் உண்டு. சீனியர் வீட்டில், ஜூனியர் வேறு ஊரில், சிவப்பு டைரி குமாஸ்தா பையில் என்று இருந்தால் இந்தத் தேதியை யார் பார்க்கிறார்கள்? மூவருக்கும் தெரிகிற ஒரே காலண்டர் வேண்டும், தேதியைப் போடும் பொறுப்பு ஒருவருக்கு மட்டும் இருக்க வேண்டும், கோர்ட்டிலிருந்து வெளியே வரும் முன்பே அடுத்த வாய்தா அதில் ஏற வேண்டும். ஈகோர்ட்ஸை மட்டும் நம்பாதீர்கள். தாக்கல் செய்த வழக்கின் தேதியைத்தான் அது காட்டும், தாக்கலுக்கு முந்தைய கெடு எதுவும் அதில் இல்லை.

சேலம்_செக்கேஸ்:
காலண்டர் ஏற்கெனவே இருக்கிறது சார், குமாஸ்தா போனிலும் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அதனால்தான் அறை வேண்டாம் என்கிறேன்.

பொருநைக்கரை:
சரி, செக் கேஸிலேயே கேட்கிறேன். கடனை ஒப்புக்கொண்டு வந்த வாட்ஸப் செய்தியை ஸ்க்ரீன்ஷாட்டாக அனுப்புகிறார், வாங்கி வைத்துக்கொள்கிறீர்கள். 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாட்சிய சட்டம். மின்னணு ஆதாரத்தோடு கொடுக்க வேண்டிய அதன் பிரிவு 63(4) சான்றிதழில் பகுதி ஏ, பகுதி பி என்று இரண்டு, ஒன்று தரப்பினர் கொடுப்பது, இன்னொன்று நிபுணர் கொடுப்பது, ஹாஷ் மதிப்பும் (ஆதாரம் மாற்றப்படவில்லை என்று சரிபார்க்கும் குறியீடு) எழுத வேண்டும். அதற்குள் அவர் போனை மாற்றியிருப்பார். முதல் நாளே போனோடு வரச் சொல்லி, இந்த உரையாடலை அழிக்காதே, போனை விற்காதே என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல ஓர் இடம் வேண்டாமா?

சேலம்_செக்கேஸ்:
இது நல்ல கேள்வி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதற்கு முதல் சந்திப்பு நேரில் இருந்தால் போதும். வக்காலத்தில் (வழக்கை நடத்த எனக்கு அதிகாரம் தரும் தாளில்) கையெழுத்து வாங்க எப்படியும் நேரில் பார்க்கத்தான் போகிறேன், அசல் பத்திரமும் போனும் அன்றே பார்த்துவிடலாம். இன்னும் இரண்டு வக்கீல்களோடு ஓர் அறையைப் பகிர்ந்து, வாரத்தில் மூன்று மாலை மட்டும் எனக்கு என்று வைத்துக்கொண்டால்?

டைரி_முக்கியம்:
வைத்துக்கொள்ளலாம், ஆனால் ஊர் சின்னது. அந்த இரண்டு பேரில் ஒருவர் நாளை உங்கள் எதிர்த்தரப்புக்கு ஆஜராவார். வழக்குக் கட்டுகள் ஒரே அலமாரியில் இருக்கக் கூடாது, ஸ்கேன் செய்யும் கம்ப்யூட்டரும் பொதுவாக இருக்கக் கூடாது, கட்சிக்காரர் சொன்ன ரகசியத்தைக் காப்பது நம் கடமை, அதை வாடகைக்காக விட முடியாது. புது வழக்கு எடுக்கும் முன் எதிர்த்தரப்பின் பெயரை மட்டும் மற்ற இருவரிடமும் கேட்டுவிடுங்கள். இதற்கு அவர்கள் சம்மதித்தால் அறையைப் பிடியுங்கள்.

பொருநைக்கரை:
அந்த மூன்று மாலையில் ஒன்று சனிக்கிழமையாக இருக்கட்டும் தம்பி. கூலி வேலைக்குப் போகிறவர்கள் மற்ற நாளில் வரமாட்டார்கள்.