பிள்ளைக்கான கார் இருக்கை: வெள்ளிக்குள் சொல் தேவை

ஸ்காபரோவிலிருந்து:
வணக்கம். கைக்குழந்தையோடு கிளினிக்குக்கு வரும் தாய்தகப்பனுக்குக் கொடுக்கிற துண்டுப்பிரசுரம் ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளி காலை அச்சு. கனடாவில், இங்கே ஒன்ராறியோவில் 9 கிலோவுக்குக் குறைந்த பிள்ளை காரின் பின்பக்கம் பார்த்தபடி இருக்கவேண்டும். 9 முதல் 18 கிலோ வரை முன்பக்கம் பார்க்கலாம். அதற்குப் பிறகு பூஸ்டர், அதாவது பிள்ளையை உயர்த்தி உட்காரவைக்கிற இருக்கை. முதல் வகையைப் ‘பின்னோக்கிய இருக்கை’ என்று எழுதித் தாய்மார் சிலருக்குக் காட்டினேன். “ஓம், பின் சீட்டிலதானே வைக்கிறம்” என்கிறார்கள். வேறு சொல் தாருங்கள்.

தஞ்சாவூரிலிருந்து:
அம்மா, கையில் வெண்ணெய் இருக்கிறது. புறம் என்றால் முதுகு. புறங்காட்டி ஓடுதல் என்கிறோமே. ‘புறநோக்கிருக்கை’ என்று வையுங்கள். குற்றியலுகரம் கெட்டு எவ்வளவு அழகாகப் புணர்கிறது பாருங்கள்! இன்னும் சிறப்பாகப் பிள்ளைத்தமிழ்ப் பருவங்களையே எடுக்கலாம்: செங்கீரை இருக்கை, சப்பாணி இருக்கை, சிறுதேர் இருக்கை. காரேறும் பிள்ளைக்குச் சிறுதேரைவிடப் பொருத்தம் எது?

சிங்கப்பூரிலிருந்து:
ஐயா, புறம் என்றால் வெளியும்தான். புறநோக்கு என்றதும் ஜன்னல் வழியாக வேடிக்கை பார்ப்பது என்றுதான் எனக்கே தோன்றியது. பருவப் பெயரில் இதைவிடப் பெரிய சிக்கல் உண்டு. பருவம் என்றால் வயது. முதல் பிறந்தநாள் கேக் வெட்டிய கையோடு சீட்டைத் திருப்பிவிடுவார்கள். பார்க்க வேண்டியது எடையும் உயரமும். இங்கே 1.35 மீட்டர் உயரத்துக்குக் குறைந்தவருக்குத்தான் இந்த விதி. அதில் வயதுப் பேச்சே இல்லை.

தஞ்சாவூரிலிருந்து:
சப்பாணி என்பது கைகொட்டல். கால் ஊனத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ‘பாணி’ வடசொல்லில் கை. ஆனால் பண், பாண், பாணி என்ற தமிழ் வரிசையும் உண்டு. தாளம் அதற்குள்ளேயே இருக்கிறது. இதை விரிவாகத் தனி மடலில்...

ஸ்காபரோவிலிருந்து:
தனி மடலுக்கு நன்றி ஐயா, வெள்ளிக்குப் பிறகு. ‘சப்பாணி இருக்கை’ என்று அச்சிட்டால் ஊனமுற்ற பிள்ளைக்கான கதிரை என்றுதான் இங்கே வாசிப்பார்கள்.

மதுரையிலிருந்து:
பூஸ்டருக்கு ‘மணை’ போதாதா? அதன் வேலையே உயர்த்துவதுதான். பிள்ளை உயர்ந்து உட்கார்ந்தால் பெல்ட்டின் கீழ்ப்பட்டை வயிற்றில் ஏறாமல் இடுப்பெலும்பில் படியும், மேல்பட்டை கழுத்தை அறுக்காமல் தோளில் விழும். குழந்தை மணை. இரண்டெழுத்து, சுத்தத் தமிழ்.

சென்னையிலிருந்து:
மணை என்றதும் எங்கள் வீட்டில் அரிவாள்மணைதான் நினைவுக்கு வரும். பிள்ளைகளுக்கான பிரசுரத்தில் அது வேண்டாமே! ஒரு விஷயம் சொல்கிறேன், கோபிக்காதீர்கள். இந்தியாவில் 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டப்படி 14 வயதுக்குட்பட்ட பிள்ளையைப் பெல்ட்டோ தடுப்பு இருக்கையோ இல்லாமல் காரில் ஏற்றினால் 1000 ரூபாய் அபராதம். இருந்தும் முன் சீட்டில் மடியில் வைத்துக்கொண்டு போகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். பொருளே புழங்காத ஊரில் சொல் எப்படிப் புழங்கும்? பேசாமல் ஒரு வாக்கியமாக எழுதிவிடுங்கள்: ‘பிள்ளையின் முகம் காரின் பின் கண்ணாடியைப் பார்க்கவேண்டும்.’ காரணத்தையும் சேருங்கள். கார் மோதினால் தலையையும் கழுத்தையும் முதுகையும் இருக்கையின் சாய்வு சேர்த்துத் தாங்கும். காற்றுப்பை உள்ள முன் சீட்டில் இதை வைக்கவே கூடாது. பை விரியும் வேகம் அப்படியே குழந்தையின் தலைமாட்டில் இறங்கும்.

தஞ்சாவூரிலிருந்து:
வாக்கியம் கலைச்சொல் ஆகாது. ஆங்கிலக்காரன் இரண்டு சொல்லில் முடிப்பதை நாம் ஒரு வரி எழுதுவதா?

ஸ்காபரோவிலிருந்து:
ஐயா, இரண்டு சொல்லில் முடித்ததால்தான் பின் சீட் குழப்பமே வந்தது. படத்துக்குக் கீழே சென்னை அக்காவின் வாக்கியத்தை அப்படியே போடுகிறேன். ‘பூஸ்டர் கதிரை’ என்று இங்கே எல்லோரும் சொல்வதால் அது அப்படியே இருக்கட்டும். அடுத்தது தோள்வார். பனிக்காலத்தில் தடித்த ஜாக்கெட்டைக் கழற்றாமல் வாரைப் பூட்டுகிறார்கள். மோதலில் ஜாக்கெட் அமுங்கி வார் தொய்ந்துவிடும். ‘வார்’ விளங்குமா, ‘பட்டி’ நல்லதா? ஆட்சேபம் இருந்தால் இன்றிரவுக்குள்.

மதுரையிலிருந்து:
வார் சரி. மணையை நான் விடுவதாக இல்லை.

தஞ்சாவூரிலிருந்து:
‘கதிரை’ போர்த்துகீசியச் சொல் என்பதையாவது அடிக்குறிப்பில் போடுங்கள். வாருக்குச் சேணம் என்று ஒரு சொல் உண்டு. அதைப் பற்றி நாளை எழுதுகிறேன்.