மறு: ‘கவுச்சிங்’ தையலுக்குத் தமிழில் என்ன சொல்?

அன்பர்களுக்கு வணக்கம்.

ஐரோப்பிய இடைக்காலப் பூத்தையல் சொற்பட்டியலில் சங்கிலித் தையல், காம்புத் தையல் எல்லாம் ஏறிவிட்டன. ‘கவுச்சிங்’ மட்டும் அப்படியே நிற்கிறது. கனத்த நூலையோ ஜரிகையையோ துணிமேல் கிடத்தி, வேறொரு மெல்லிய நூலால் சிறு இடைவெளி விட்டுவிட்டுக் கட்டி நிறுத்துகிற வேலை அது. பிரெஞ்சு வேர்ச்சொல்லுக்குக் ‘கிடத்து’ என்றே பொருள். ஆகவே ‘படுக்கைத் தையல்’ எனலாமா?

———

> ‘படுக்கைத் தையல்’ எனலாமா?

வேண்டாம் ஐயா, மெத்தை உறை தைக்கிறார்கள் என்றுதான் நினைப்பார்கள். ‘கிடைத்தையல்’ என்றால் கிடைமட்டம் குறுக்கே வரும். இழையோ உருவத்துக்கேற்ப எந்தத் திசையிலும் ஓடும்.

பிரான்சின் பேயூ நகரத்துச் சித்திரத் துணியை (Bayeux Tapestry) வைத்துப் பார்ப்போம். 11ஆம் நூற்றாண்டு, ஏறத்தாழ 70 மீட்டர் நீளம், லினன் துணியில் கம்பளி நூல். ஆங்கிலப் பெயரில் ‘டேப்பஸ்ட்ரி’, அதாவது நெசவுத் திரை, என்று இருந்தாலும் அது முழுக்க ஊசி வேலை. உருவங்களை நிரப்பும் தையலில் மூன்று அடுக்குகள். முதலில் இழைகளை நெருக்கமாக இடுவது. ஓர் ஓரத்தில் ஊசி இறங்கினால் அதே ஓரத்தில், ஓரிரு துணியிழை தள்ளி மேலே வரவேண்டும். எதிர் ஓரத்துக்குத் துணியின் பின்புறமாகப் போனால் கம்பளி இரட்டிப்பாகச் செலவாகும், பின்புறமும் தடிக்கும். அடுத்து, அவற்றுக்குச் செங்குத்தாக 3 முதல் 5 மி.மீ.க்கு ஒன்றாகக் குறுக்கிழைகள். மூன்றாவதாக, அந்தக் குறுக்கிழைகளைச் சிறு தையல்களால் கட்டுவது. பக்கத்து வரிசையின் கட்டுக்கு நேராக வராமல், செங்கல் அடுக்குவதுபோல மாற்றி மாற்றி.

இங்கே கட்டுகிற இழையே இன்னொன்றால் கட்டப்படுகிறது. ஒரே சொல்லால் இதை விளக்க முடியாது. என் பரிந்துரை: எண்ணெய் தடவித் தலைமுடியைப் படிய வாருவதுபோல இடுவதால் முதல் அடுக்கு ‘படியிழை’. இரண்டாவது ‘குறுக்கிழை’. கட்டுவது ‘தளையிழை’. செயலின் பெயர் ‘தளைத்தையல்’.

———

தளை என்றால் சிறையும் யாப்பும்தான் நினைவுக்கு வருகின்றன!

———

வரட்டுமே. நின்ற சீரையும் வரும் சீரையும் பிணைப்பதுதானே யாப்பில் தளை. இங்கே நூலும் துணியும்.

தளைத்தையலை ஏற்கிறேன். ஆனால் சிக்கல் அடுத்த சொல்லில் இருக்கிறது. 13, 14ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் திருச்சபை அங்கிகளுக்குச் செய்த பொன்னிழை வேலையை இன்னும் யாரும் தொடவில்லை. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ள சையன் மேலங்கி அதற்கு நல்ல சான்று. அதில் தளையிழை முன்புறம் தெரியவே தெரியாது. இதற்கு ‘மறைதளை’ என்று ஒரு பட்டியலில் பார்த்தேன். அது தவறாக வழிநடத்தும். பொன்னிறப் பட்டு நூலால் மேலேயே கட்டினாலும் கட்டு ஓரளவு மறையத்தான் செய்யும். பெயரை நம்பி அப்படித் தைத்து, பழைய முறையை மீட்டுவிட்டதாக எண்ணிக்கொள்வார்கள்.

செய்முறை இது. இரண்டு அடுக்கு லினனைச் சட்டத்தில் முரசுத் தோல்போல இறுக்க வேண்டும். பொன்னிழை மேலே கிடக்கும். தேன்மெழுகு பூசிய லினன் நூலைப் பருத்த ஊசியில் கோத்துக் கீழிருந்து மேலே கொண்டுவந்து, பொன்னிழையைத் தாண்டி, வந்த துளையிலேயே மீண்டும் இறக்க வேண்டும். பொன்னிழையை ஒரு கையால் லேசாகப் பிடித்துக்கொண்டு நூலை நேர்கீழாக இழுத்தால், பொன்னிழை ஒரு சின்ன வளையமாக மடிந்து துளைக்குள் ‘டப்’பென்று இறங்கும். பயிற்சிக்கு 2 முதல் 3 மி.மீ. இடைவெளி போதும்.

கெட்டுப்போவது பெரும்பாலும் துளையில்தான். ஊசி ஒரு துணியிழை தள்ளி இறங்கிவிட்டால் அந்த இழை வளையத்தைத் தடுத்துவிடும். எவ்வளவு இழுத்தாலும் அது வெறும் மேல்கட்டுதான். அளவுக்கு மீறி இழுத்தால் மேலே பள்ளம் விழும். பருத்தி நூல் அறும், பட்டு நூல் இழுபட்டுத் தளரும். பிளாஸ்டிக் படலம் சுற்றிய ஜரிகை மடியும் இடத்தில் விரிந்து உள்நூலைக் காட்டும். பட்டு நூல்மேல் தட்டையான வெள்ளிக் கம்பி சுற்றிப் பொன்முலாம் பூசிய அசல் காஞ்சிபுரம் ஜரிகை, கட்டமைப்பில் அந்தக் காலத்து இழைக்கு நெருங்கிய உறவு. ஒவ்வொரு வளையமும் கொஞ்சம் விழுங்குவதால், கோட்டின் நீளத்தை விடக் கூடுதலாகவே இழை எடுத்து வைக்க வேண்டும்.

இத்தனை பாடு எதற்கு என்றால், ஒவ்வொரு கட்டும் ஒரு கீல். மேலே கட்டிய பொன்வேலை அட்டைபோல விறைக்கும். இது தோளில் மடிந்து விழும். தளையிழை பின்புறமே இருப்பதால் உராய்ந்து தேய்வதும் இல்லை.

———

> வளையமாக மடிந்து துளைக்குள்

அப்படியானால் ‘உள்வாங்கு தளை’. கடல் உள்வாங்கியது என்கிறோமே, அதே வினை. ‘அடித்தளை’ என்றும் யோசித்தேன். அது கட்டு இருக்கும் இடத்தை மட்டும் சொல்கிறது, இழுப்பைச் சொல்லவில்லை.

———

சரி. மேலே கட்டுவது ‘மேல்தளை’, இது ‘உள்வாங்கு தளை’, இரண்டுக்கும் பொதுவாகத் ‘தளைத்தையல்’. படியிழை, குறுக்கிழை, தளையிழை மூன்றையும் சேர்த்து ஏற்றுகிறேன். உள்வாங்கு தளையின் விளக்கத்தில் ‘வந்த துளையிலேயே’ என்ற சொற்கள் கட்டாயம் இருக்கட்டும்.